வெள்ளிக்கிழமைதோறும் சிக்கன் கிளாஸ்

போன மாதம் எங்கள் மருத்துவமனையில் பிசியோதெரபிக்கென்று புதுக் கூடம் திறந்தார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைப்பது நல்ல வழக்கம்தான்; முன்வரிசைக்குத்தான் முதலில் டீ வரும். கூடத்தில் ஒரு பெரிய இயந்திரம் இருந்தது. ஆளை வாரில் கட்டித் தொங்கவிட்டு, கீழே ஓடும் பட்டையில் நடக்க வைக்கிறது. கால் சரியாகப் பதிந்தால் திரையில் பச்சை, பிசகினால் சிவப்பு. எனக்குப் பின் என் வேலைக்கு வந்த நிவேதா அதைச் சுற்றிக் காட்டிவிட்டு, "மேடம், இவ்ளோ வந்தும் பார்க்கின்சன் பேஷண்டுங்க வெள்ளிக்கிழமை கிளாஸைத்தான் கேக்கறாங்க. அத யாரு ஆரம்பிச்சது? அதுக்கு ஏன் சிக்கன் கிளாஸ்னு பேரு வந்துது?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் ரிப்பன் வெட்டுபவர் வந்துவிட்டார். அதனால் எழுதியே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. படப்பைக்காரி. சென்னையில் பிசியோதெரபி படித்தேன். எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்து, மறந்து, மறுபடி மனப்பாடம் செய்து பாஸானேன். அந்த வருடங்களைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் இருக்கும் இந்த மருத்துவமனையில் சேர்ந்தபோது எனக்கு வந்த நோயாளிகள் பெரும்பாலும் சின்னப் பையன்கள். சுற்றிலும் இருக்கும் தொழிற்சாலைகளில் லைனில் நின்று நின்று முதுகு போனவர்கள், ஒரே போல்ட்டை நாள் முழுக்க முறுக்கி மணிக்கட்டு வீங்கியவர்கள். தொழிற்சாலைகளுக்கு வயதாக ஆக, அவற்றில் வேலை பார்த்தவர்களுக்கும் வயதானது. பிறகு கை நடுங்குகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். பார்க்கின்சனில் நடுக்கம் கண்ணுக்குத் தெரிகிற பகுதி மட்டும்தான். உடம்பு இறுகும், அடி குறுகும், எல்லாம் மெதுவாகும். சிரிக்கிற ஆளின் முகம்கூடச் சிரிக்க மறந்துவிடும். மாத்திரை எழுதித் தர வாரத்தில் சில நாள் நரம்பியல் டாக்டர் வருவார். நடக்க வைப்பது எங்கள் வேலை.

எங்கள் துறைத் தலைவர் ஞானசேகரன் சார். இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நோயாளியைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவுவார். கழுவிய கை சில்லென்று இருக்குமே என்று உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டு அப்புறம்தான் தொடுவார். பின்னாலிருந்து யாரையும் கூப்பிட மாட்டார். எதிரே போய் நின்றுதான் பேசுவார். ஏனென்றால் பார்க்கின்சன்காரர் சட்டென்று திரும்பினால் விழுந்துவிடுவார். இந்தப் பழக்கம் ஊறிப்போய், கேண்டீனில் சட்னி கேட்பதற்குக்கூட எழுந்து மாஸ்டரின் எதிரே போய் நிற்பார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் உயராது, மரியாதை உயரும். சாதாரண நாளில் நான் "ஸ்டெல்லா". லேசாக எரிச்சல் என்றால் "ஸ்டெல்லா மேடம்". "நீங்க ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க மேடம்" என்றால் அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்காது.

இப்படி இருந்த இடத்துக்குத்தான் லின் மேடம் வந்தார். பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிற தைவான்காரப் பெண்மணி. என் வயதுதான் இருக்கும். தோள்பட்டை இறுகிக் கை மேலே தூக்க முடியாமல் வந்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல்: சீக்கிரம், போதும், ரிஜெக்ட். மூன்றாவதும் தமிழ்தான் என்று அவர் நம்பினார். ஷாப் ஃப்ளோரில் அத்தனை பேர் அதைச் சொன்னால் அவர்தான் என்ன செய்வார்?

ஒரு நாள் அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். வார்டு ஆயா ஓடி வந்து, "மேடம், அந்த சப்ப மூக்கு அம்மாவுக்கு சாமி வந்துகிச்சு, சீக்கிரம் வாங்க" என்றாள். போய்ப் பார்த்தால் லின் மேடம் வராந்தாவில் கால்களை அகட்டி, முழங்காலை லேசாகத் தளர்த்தி நின்றுகொண்டிருக்கிறார். கண் பாதி மூடியிருக்கிறது. இரண்டு கையும் மிக மெதுவாக மேலே போகிறது, நோகிற தோள் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறதோ அந்த அளவுக்கு. பிறகு உடலின் எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுகிறது, குடத்தில் தண்ணீர் சாய்வதுபோல, அவசரமே இல்லாமல். ஆயா கைகூப்பி நின்றாள். நான் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்கின்சன்காரர்களுக்கு நாங்கள் வருடக்கணக்கில் கெஞ்சிக் கூத்தாடிச் சொல்லிக்கொடுக்கிற விஷயம் அது. ஒரு காலில் எடையை முழுசாக வைத்தால்தான் மற்றக் கால் எழும்பும். இங்கே ஒரு தோள்வலிக்காரி டீ வருவதற்குள் அதைச் செய்துகொண்டிருக்கிறார்.

"சீ-கோங்" என்றார் லின் மேடம். மூச்சோடு சேர்த்து மெதுவாக அசைகிற பழைய சீனப் பயிற்சி, அவருடைய ஊர்ப் பூங்காக்களில் காலையில் கும்பலாக நின்று செய்வார்களாம். சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பல நாள் படித்தார், யார் யாருக்கோ போன் போட்டார். கடைசியில், "ஸ்டெல்லா, உடம்புல ஏதோ சக்தி ஓடுதுங்கறாங்களே, அது எனக்குத் தெரியாத விஷயம். அத லின் மேடம் கிட்டயே விட்டுடுவோம். எடை மாத்தறது, பெருசா கை வீசறது, இடுப்பத் திருப்பறது, மூச்சோட சேர்த்து கவனமா செய்யறது, இது நாலும் நம்ம தொழில். இத எடுத்துப்போம். குணமாவும்னு மட்டும் யார் கிட்டயும் சொல்லிடாத. நடக்கறதுக்கு உதவலாம். அவ்ளோதான்" என்றார்.

அப்படி ஆரம்பித்தது வெள்ளிக்கிழமை வகுப்பு. சீகோங் என்று பலகையில் எழுதினோம். நோயாளிகள் வாயில் அது ஒரே வாரத்தில் சிக்கன் ஆகிவிட்டது. "எங்க கெளம்பிட்டே?" "சிக்கன் கிளாசுக்கு." வெள்ளிக்கிழமை கவுச்சி தொடாத வீடுகளில் இதனால் சின்னச் சின்னக் குழப்பம் வந்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்த ஒரு சைவ அம்மாள், "அங்க சமைக்கறது ஒண்ணும் இல்லியே?" என்று சுற்றிலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

சார் போட்ட ஒழுங்குகள் இன்றும் எனக்கு மனப்பாடம். மாத்திரை வேலை செய்கிற நேரத்தில்தான் வகுப்பு. அதனால் ஒவ்வொருவரும் மாத்திரை போட்ட நேரத்தைக் கேட்க வேண்டும். ஆளைப் படுக்க வைத்து ஒரு முறை, நிற்க வைத்து ஒரு முறை பிரஷர் பார்க்க வேண்டும். இந்த நோயில் எழுந்து நின்றதும் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். ஆளுக்கு ஒரு நாற்காலி பின்னால், கையில்லாத நாற்காலி கூடாது. இடுப்பில் பட்டை, பட்டையைப் பிடிக்க வீட்டு ஆள் ஒருவர். வீட்டு ஆள் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. நின்ற இடத்தில் திரும்பக் கூடாது, பஸ் திரும்புவதுபோல் வளைந்து போய்த்தான் திரும்ப வேண்டும்.

அசைவுகளின் சீனப் பெயர்களை லின் மேடம் ஆங்கிலத்தில் சொல்லி, நான் தமிழாக்கி, நோயாளிகள் அதைத் திருத்தினார்கள். வானத்தைத் தாங்குவது "லோடு ஏத்தறது" ஆனது. தலையை மெல்லத் திருப்பிப் பின்னால் பார்ப்பது "ஷேர் ஆட்டோ வருதா பாக்கறது". வில்லை இழுப்பது மட்டும் வில்லாகவே இருந்தது. கோவிலுக்குப் போகிறவருக்கும் சர்ச்சுக்குப் போகிறவருக்கும் வில் வில்தான்.

இந்த வகுப்புக்குத்தான் ஏகாம்பரம் ஐயா வந்தார். பிள்ளைப்பாக்கத்துக்காரர். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். தகடு உள்ளே போய்க் கார்க் கதவாக வெளியே வருகிற வேகத்தில் வாழ்ந்த மனிதர். அவரைப் பட்டையில் பிடித்துக்கொண்டு வந்தது அவர் மனைவி தனம். முதல் நாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அசைவில்லாத முகத்தோடு கேட்டார்:

"இன்னாம்மா இது? எனக்கு வியாதியே ஸ்லோதான். அதுக்கு ட்ரெய்னிங் வேற குடுக்கறியா?"

வகுப்பே சிரித்தது. நியாயமான கேள்வி. சார் கைகளை உரசிக்கொண்டே அவர் எதிரே வந்து நின்றார்.

"ஐயா, உங்க ஷாப்ல மெஷின் தானா ஸ்லோவானா அதுக்கு இன்னா சொல்வீங்க?"

"பிரேக்டவுன்."

"நீங்களா ஸ்லோ பண்ணீங்கன்னா?"

ஐயா கொஞ்சம் யோசித்தார். "அது செட்டிங். புது டை, தகட்ட அழுத்தற அச்சு, மாட்டினா அப்டித்தான் ஓட்டுவோம். எங்க பிடிக்குதுன்னு அப்பதான் தெரியும்."

"அதத்தான் பண்ணப் போறோம்."

"இத்த முன்னாடியே சொல்லலாம் இல்ல?" என்று என்னைப் பார்த்தார், தப்பு என் பேரில் என்பதுபோல. பிறகு கையைத் தூக்கினார்.

சில மாதங்களில் அவர் அடி நீண்டது. நாற்காலியிலிருந்து எழ இரண்டு மூன்று தரம் குலுங்குகிறவர், ஒரே மூச்சில் எழுந்தார். கூடவே பழைய பதவியும் திரும்பி வந்தது. முன்வரிசையில் நின்றுகொண்டு மற்றவர்களை விரட்டுவார். "யோவ், லோடு ஏத்தறியா, கொடியில துணி காயப் போடறியா? கைய மேல தூக்கு. ஓவர்டைம் குடுக்க மாட்டாங்க, ஷிப்டுலயே முடி." தனம் பின்னாலிருந்து, "வூட்ல ஒரு டம்ளர எடுத்து வெக்க மாட்டாரு, இங்க வந்து லோடு ஏத்தறாரு" என்பார். அந்த வகுப்பில் நான் வாத்தியாரா, அவர் வாத்தியாரா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. மறுநாள் காலை தனம் போன் செய்தார். "டாக்டரம்மா, மரக்கட்ட மாதிரி கெடக்கறாரு. பொரட்டக்கூட முடியல. ஒடம்பு கொதிக்குது."

ஆம்புலன்ஸை அனுப்பச் சொல்லிவிட்டு நானும் சாரும் அதிலேயே ஏறிக்கொண்டோம். பிள்ளைப்பாக்கத்து வீட்டில் ஐயா மல்லாந்து கிடந்தார். கழுத்து தலையணையில் படியவே இல்லை, அவ்வளவு விறைப்பு. வியர்வை. வாய் திறக்கிறது, சொல் வரவில்லை. சார் கையைக் கழுவி, உரசிச் சூடாக்கி, கட்டில் ஓரம் அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார். மாத்திரையை நிறுத்தினீர்களா என்று அவர் கேட்கவில்லை.

"ஐயா, மாத்திரைய எப்ப நிறுத்துனீங்க?" என்றார்.

ஐயாவின் கண் உத்தரத்துக்குப் போனது. பிறகு உதடு அசைந்தது. "போன வாரம்."

"அய்யய்யோ, நாந்தானய்யா தண்ணி மொண்டாந்து கையில குடுத்தேன்!" என்றார் தனம். "வாயில போட்டியே, எங்க போச்சு?"

"செம்பருத்திச் செடிக்கு."

தனம் வாசலில் இருந்த தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். "அதான் காத்தடிச்சாக்கூட அது மட்டும் நடுங்காம நிக்குதா!"

சிரிக்கிற நேரமில்லை. ஆனால் நான் சிரித்துவிட்டேன், கண்ணில் தண்ணீரோடு. அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு இப்படி மொத்தமாக இறுகிக் காய்ச்சலும் வரும், உயிருக்கே ஆபத்து. ஐயாவுக்கு அது தெரியாது. உடம்பு சொன்னபடி கேட்கிறது, இனி மாத்திரை எதற்கு என்று நினைத்துவிட்டார்.

ஐயா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களில் தனம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தபடி, வகுப்பில் கற்ற அசைவுகளை மடிமேல் கைகளால் செய்துகொண்டிருந்தார். "தூக்கம் வரமாட்டேங்குது, அதான்" என்றார். காய்ச்சல் இறங்கி, மறுபடி மாத்திரை பிடித்து, ஐயா பேச ஆரம்பித்ததும் நான் கேட்டேன்: "ஏன் ஐயா இப்டி பண்ணீங்க?"

"மாத்திர போட்டா நான் பேஷண்ட்மா. அங்க வந்து நின்னு கைய தூக்கறப்ப மட்டுந்தான் நான் ஆளு. எப்பவும் ஆளாவே இருக்கலாம்னு பாத்தேன்."

போர்வையைச் சரி செய்துவிட்டு வந்தேன்.

நரம்பியல் டாக்டருக்குக் கடுங்கோபம். நல்ல மனிதர், திறமையானவர்; தன் நோயாளி கையைவிட்டுப் போகப் பார்த்த பயம் அது. "அந்த சிக்கன் கிளாஸ இழுத்து மூடுங்க. எக்ஸர்சைஸ் பண்றேன்னு நாளைக்கு இன்னொருத்தர் மாத்திரைய தூக்கிப் போடுவார்."

"நீங்க சொல்றது ரொம்ப ரொம்ப சரிங்க டாக்டர்" என்றார் சார். இரண்டு 'ரொம்ப' நான் அதுவரை கேட்டதே இல்லை. "இந்தத் தப்பு திரும்ப நடக்கக் கூடாது. அதனால வர்ற வெள்ளிக்கிழமை நீங்களே ஒரு தரம் வந்து, மாத்திரை பத்தி அவங்க கிட்ட பேசுங்க. நாங்க நூறு தரம் சொல்றதும் நீங்க ஒரு தரம் சொல்றதும் ஒண்ணாயிடுமா? பேசி முடிச்சுட்டு, அப்புறமும் மூடணும்னு தோணுச்சுன்னா மூடிடலாம்."

டாக்டர் வந்தார். மாத்திரையும் பயிற்சியும் ஒன்றுக்கு ஒன்று பதில் இல்லை, இரண்டும் சேர்ந்துதான் வண்டி ஓடும் என்று பொறுமையாகச் சொன்னார். கிளம்பும்போது அந்த சைவ அம்மாள் விடவில்லை. "ஒரு தரம் எங்களோட நின்னுட்டுப் போங்கோ டாக்டர்." மறுக்க முடியாமல் நின்றார். முழங்காலைத் தளர்த்தி, எடையை ஒரு காலில் இறக்கியதும் அவர் லேசாக ஆடினார். நாள் முழுக்க நின்றும் உட்கார்ந்தும் அவருக்கும் இடுப்பு பிடித்திருந்தது. "பின்னால சேர் கீது டாக்டர், பயப்படாதீங்க" என்று ஒரு குரல். டாக்டரே சிரித்துவிட்டார். வகுப்பை மூடச் சொல்லி அவர் பிறகு பேசவில்லை. எப்போதாவது இடுப்பு வலித்தால் கடைசி வரிசையில் வந்து நிற்பதும் உண்டு.

ஏகாம்பரம் ஐயா திரும்ப வந்தபோது கொஞ்சம் மெலிந்திருந்தார். பழைய நிலைக்கு முழுசாக வரவில்லை என்பதை நான் மறைக்கப் போவதில்லை. வந்தவர் முன்வரிசைக்குப் போகாமல் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வருகிற ஒவ்வொருவரிடமும், "மாத்திர போட்டியா? எத்தினி மணிக்கு? நாக்க காட்டு" என்பார். நாக்கைக் காட்டாமல் யாரும் உள்ளே போக முடியாது. என்னையும் ஒரு நாள் நிறுத்தினார். "எனக்கு எந்த மாத்திரையும் இல்ல ஐயா" என்றேன். "அத்த அப்பறம் பாக்கலாம், நாக்க காட்டும்மா" என்றார். காட்டினேன்.

நோய் தன்பாட்டில் போய்க்கொண்டுதான் இருந்தது. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவருக்குக் கால் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. நடந்துகொண்டே இருக்கும்போது பாதம் தரையோடு பசை போட்டதுபோல் நின்றுவிடும். குரலும் தேய்ந்து, தனம் காதை அவர் வாயருகே வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. கத்திக் கத்தி ஷாப்பையே ஓட்டிய மனிதருக்கு அதுதான் பெரிய குறை. தனத்துக்கும் அப்படித்தான். "திட்டறாரா, தண்ணி கேக்கறாரான்னே தெரியல டாக்டரம்மா. ரெண்டுக்கும் தண்ணியே குடுத்துடறேன்" என்பார்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து நாங்கள் மூவரும் சாலையைக் கடந்தோம். ஷிப்டு விடுகிற நேரம். இரண்டு பக்கமும் கம்பெனி பஸ்கள். ஒரு கான்ஸ்டபிள் கை காட்டி வண்டிகளை நிறுத்தினார். பாதிச் சாலையில் ஐயாவின் கால் ஒட்டிக்கொண்டது. தனத்தின் கை அவர் முழங்கையை நோக்கிப் போய், பாதியில் தானாகவே நின்றது. இழுத்தால் விழுவார் என்று அவருக்குத் தெரியும். நான் எதிரே போய் நின்று, "அவசரமில்ல ஐயா. எடைய இந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்றேன். அவர் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் சாய்ந்தார். கால் எழவில்லை. ஹாரன் சத்தம் கேட்கக் கேட்க உடம்பு இன்னும் இறுகியது. பஸ் ஜன்னல்களிலிருந்து பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். முதல் பஸ்ஸின் டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ் பெருசு! நடு ரோட்ல இன்னா டான்ஸு? நவுருய்யா!"

ஐயா சாய்வதை நிறுத்தவில்லை. மூச்சை இழுத்தார். வயிறு வரைக்கும் போன மூச்சு அது. நெஞ்சு உயர்ந்ததை நான் எதிரே நின்று பார்த்தேன்.

"இருடா! செட்டிங் பண்ணிகினு கீறேன்ல? வர்றேன், இரு!"

பிரஸ் ஷாப்பின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு எட்டுகிற குரல். கான்ஸ்டபிள் திரும்பிப் பார்த்தார். டிரைவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. எடை இடக்காலுக்குப் போனது, வலக்கால் எழுந்தது. நீளமான அடி. அப்புறம் இன்னொன்று.

எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்ததும் ஐயாவுக்கு மூச்சு வாங்கியது. ஏதோ சொன்னார், பழையபடி எங்களுக்குக் கேட்கவில்லை. தனம் அவர் பக்கம் திரும்பவே இல்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நகர்ந்து போகிற அந்த பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கொரலக் கேட்டு எவ்ளோ நாளாச்சு டாக்டரம்மா" என்றார். "அந்த டிரைவர் எந்த ஊரு தம்பியோ. ஒரு நாளு வூட்டுக்குக் கூட்டினு போயி சோறு போடணும்."